டிரெய்னி தொழிலாளி இல்லையா?

ஒரே அசெம்பிளி லைனில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு இளைஞர்களை எடுத்துக்கொள்வோம். ஒரே கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். ஒரே ஷிப்ட், ஒரே டார்கெட். ஒருவர் பூட்டிய பாகத்தை மற்றவர் வாங்கி அடுத்த பாகத்தைப் பூட்டுகிறார். இருவரில் யார் கை நின்றாலும் லைன் நின்றுவிடும். மாதக் கடைசியில் வரும் சம்பளச் சீட்டில்தான் வித்தியாசம் தெரியும். ஒருவர் சீட்டில் அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, பி.எஃப். பிடித்தம், ஈ.எஸ்.ஐ. பிடித்தம் என்று வரிசையாக இருக்கும். மற்றவர் சீட்டில் 'உதவித்தொகை' என்று ஒரே ஒரு வரி. அவர் டிரெய்னி. அவர் வேலை செய்யவில்லை, கற்றுக்கொண்டிருக்கிறார் என்பது கணக்கு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் தொடங்கி கோயம்புத்தூர், திருப்பூர், திண்டுக்கல் வரை தமிழ்நாட்டின் தொழில் வட்டாரங்களில் ஏராளமான இளைஞர்களும் இளம்பெண்களும் தங்கள் உழைப்பு வாழ்க்கையை இந்த ஒற்றை வரிச் சீட்டோடுதான் தொடங்குகிறார்கள். வேலைக்கு ஆள் தயாரிப்பது ஒரு காரியம், தொழிலாளர் உரிமை வேறொரு காரியம், முதலில் அது, பிறகு இது என்று நாம் பிரித்துவைத்திருப்பதன் விளைவு இது. இந்தப் பிரிவினையே தவறு என்பது என் வாதம். உரிமையைத் தள்ளிப்போட்டால் பயிற்சியும் நடப்பதில்லை.

பயிற்சிபெறுபவர் தொழிலாளர் அல்ல என்ற எண்ணத்துக்கு வயது அதிகம். 1850-இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியின்போது வந்த அப்ரண்டிஸ் சட்டம், பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையைத் தகப்பனோ பாதுகாவலரோ ஏழு ஆண்டுகள் வரை ஒரு தொழிலுக்கு ஒப்பந்தம் போட்டு விடலாம் என்றது. ஆணானால் 21 வயதுக்கு மேலும், பெண்ணானால் திருமணத்துக்கு மேலும் அந்த ஒப்பந்தம் நீளக் கூடாது. சுதந்திர இந்தியா அதை நீக்கிவிட்டு 1961-இல் புதிய அப்ரண்டிஸ் சட்டம் கொண்டுவந்தது. நோக்கம் நல்லது. புதிதாக எழும் ஆலைகளுக்குக் கைதேர்ந்த ஆட்கள் வேண்டும், கல்லூரிப் படிப்பு எட்டாத பிள்ளைகளுக்குத் தொழில் வேண்டும். ஆனால் அதன் 18-ஆம் பிரிவு, அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சிபெறுபவரே தவிர தொழிலாளர் அல்லர், தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா என்று கறாராகச் சொல்லிவிட்டது. தொழிற்சாலைச் சட்டத்தின் சுகாதார, பாதுகாப்பு, நல ஏற்பாடுகளும் விபத்து நஷ்டஈடும் மட்டும் அவருக்கு உண்டு. இத்தனைக்கும் 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டம் 'தொழிலாளர்' யார் என்று சொல்லும்போது அப்ரண்டிஸையும் சேர்த்தே சொல்லியிருந்தது. அப்ரண்டிஸுக்கு ஈ.எஸ்.ஐ. பொருந்தாது என்று 1975-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்யாவிட்டாலும், ஆலையின் வேலை நிபந்தனைகளை வகுக்கும் நிலையாணைகளின்படி பயிற்சிபெறுபவராக இருந்தால் பி.எஃப். கிடையாது என்று 2006-இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. முதலில் பாடத்திட்டம், ஒப்பந்தப் பதிவு, தேர்வு எல்லாம் உள்ள அப்ரண்டிஸுக்கு மட்டும் இருந்த விலக்கு, இவை எதுவும் இல்லாமல் கம்பெனியே 'டிரெய்னி' என்று எழுதிக்கொள்ளும் ஆளுக்கும் இப்படித்தான் போய்ச் சேர்ந்தது.

இதில் பணம் எவ்வளவு மிச்சமாகிறது என்று பார்த்தால், இந்த ஏற்பாடு ஏன் இத்தனை வேகமாகப் பரவியது என்பது விளங்கும். மாதம் 12,000 ரூபாய் வாங்கும் ஒருவருக்கு நிர்வாகம் கட்ட வேண்டிய பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய். ஈ.எஸ்.ஐ. பங்கு 3.25 சதவீதம், 390 ரூபாய். இரண்டும் சேர்ந்து மாதம் 1,830 ரூபாய். மூன்று ஆண்டுகளுக்கு 65,880 ரூபாய். நூறு டிரெய்னி இருந்தால் 65 லட்சத்துக்கு மேல். போனஸ், விடுப்புச் சம்பளம், நிரந்தரத் தொழிலாளிக்கும் டிரெய்னிக்கும் இடையே உள்ள சம்பள வித்தியாசம் எதையும் இதில் சேர்க்கவில்லை. இதே கணக்கை டிரெய்னியின் பக்கமிருந்தும் போட வேண்டும். ஈ.எஸ்.ஐ. அட்டை இருப்பவர் காய்ச்சலில் படுத்தால் சம்பளத்தில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்கும், குடும்பத்துக்கும் சிகிச்சை உண்டு. டிரெய்னி படுத்தால் அன்றைய உதவித்தொகை போகும், மருந்துச் செலவு வீட்டிலிருந்து வரும். வாழ்க்கையின் முதல் மூன்று ஆண்டுகளில் சேர வேண்டிய பி.எஃப். சேராமல் போனால், அதற்கு முப்பது ஆண்டுகளில் சேரும் வட்டியும் போகிறது. பயிற்சிக்கு ஆகும் செலவில் பெரும்பகுதியைக் கற்பிப்பவர் அல்ல, கற்பவரே தாங்குகிறார்.

ஆனால் என் முதன்மையான குறை இந்தப் பணம் அல்ல. ஒரு நிர்வாகம் ஆளைத் தொழிலாளியாக எடுத்தால், அவருக்குச் சீக்கிரம் வேலை கற்றுக்கொடுப்பதில் அதற்கு லாபம் இருக்கிறது. முழுச் சம்பளம் கொடுப்பதால் முழு வேலை தெரிந்த ஆள் வேண்டும். அதே ஆளை டிரெய்னியாக எடுத்தால் லாபம் எதிர்ப்பக்கம் சாய்கிறது. கற்றுமுடித்துவிட்டார் என்று ஒப்புக்கொண்டால் சலுகை போய்விடும். நாலு மெஷினில் மாற்றி மாற்றி விட்டுப் பழக்கினால் உற்பத்தி குறையும். எனவே எளிதான ஒரே வேலையில் நிறுத்திவைத்து, ஒப்பந்தக் காலம் முடிந்ததும் அனுப்பிவிட்டு, அடுத்த ஆளை எடுப்பதே நிர்வாகத்துக்கு மிக மலிவான வழி. முதலாளி நல்லவரா கெட்டவரா என்பது இதில் இரண்டாவது கேள்வி. நல்லெண்ணத்தோடு கற்றுக்கொடுக்கும் ஆலையும், விலையில் அதோடு போட்டி போடும் பக்கத்து ஆலையால் இதே வழிக்குத் தள்ளப்படும்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தமிழ்நாட்டின் நூற்பாலைகளே சாட்சி. 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் மேற்கு மாவட்டங்களில் குறைவு. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல், கரூர்ப் பகுதி ஆலைகள் தென் மாவட்டங்களிலிருந்தும் மற்ற வறண்ட பகுதிகளிலிருந்தும் இளம்பெண்களை மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் அழைத்துவந்தன. வளாகத்துக்குள்ளேயே விடுதி. மாதாமாதம் சிறு தொகை. மூன்று ஆண்டும் முடித்தால் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை மொத்தமாகத் தருவதாகவும், அது கல்யாணச் செலவுக்கு ஆகும் என்றும் ஊர் ஊராக ஏஜென்டுகள் சொன்னார்கள். பெண்களில் பெரும்பாலோர் தலித் குடும்பங்களையும் பிற ஏழைக் குடும்பங்களையும் சேர்ந்தவர்கள். பதிவேட்டில் அவர்கள் அப்ரண்டிஸ். நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு அமைப்புகள் 2011-இல் வெளியிட்ட 'கேப்ச்சர்டு பை காட்டன்' அறிக்கை இந்த ஏற்பாட்டை உலகறியச் செய்தது. நீண்ட ஷிப்டுகள், வெளியே போகத் தடை, செல்போனுக்குக் கட்டுப்பாடு, நடுவில் நின்றுவிட்டால் மொத்தத் தொகை இல்லை என்று அது விவரித்தவை எல்லாம் இங்கே தொழிற்சங்கங்களும் பெண்கள் அமைப்புகளும் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தவைதான். அந்த மொத்தத் தொகை ஆலை போட்ட சீதனம் அல்ல. மாதாமாதம் கொடுத்திருக்க வேண்டிய கூலியைப் பிடித்துவைத்து, அந்தப் பெண் எழுந்து போய்விடாதபடி அதையே பிணையாக வைத்துக்கொண்ட பணம் அது.

அந்தப் பெண்கள் மூன்று ஆண்டுகளில் என்ன கற்றார்கள் என்று பார்க்க வேண்டும். ரிங் பிரேம் ஓடும் இடத்தில் சைடர் செய்யும் வேலை, நீண்ட வரிசையில் சுழலும் கதிர்களைக் கண்ணால் மேய்ந்தபடியே நடந்து, எந்த இழை அறுந்திருக்கிறது என்று பார்த்து, ஓடும் கதிரை முழங்காலாலோ கையாலோ நிறுத்தி, நுனியைத் தேடி எடுத்து, வரும் பஞ்சிழையோடு ஒட்டிவிடுவது. ஒரு நொடியில் முடியும் காரியம். ஒரு ஷிப்டு முழுக்கத் திரும்பத் திரும்ப நடக்கும் காரியமும் அதுதான். சூடு, பஞ்சுத் தூசு, ஓயாத இரைச்சலுக்கு நடுவே அதைத் தப்பில்லாமல் செய்யக் கைத்திறனும் பொறுமையும் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கைப்பழக்கம் சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் வந்துவிடும். மூன்று ஆண்டுப் பயிற்சி என்றால் மெஷினின் பழுது பார்க்கவும், நூலின் தரம் சோதிக்கவும், ஒரு பகுதியை மேற்பார்வை பார்க்கவும் கற்றிருக்க வேண்டும். வேறு ஆலைக்குப் போனால் காட்ட ஒரு சான்றிதழாவது இருக்க வேண்டும். இவை எதுவும் இல்லாமல் ஊர் திரும்பிய பெண் முப்பத்தாறு மாதம் வேலைதான் செய்தாள். 'சுமங்கலி' என்ற பெயரை ஆலைகள் இப்போது சொல்வதில்லை. விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கும் முறை தொடர்கிறது. மத்திய அரசின் கிராமப்புறத் திறன் பயிற்சித் திட்டத்தின் வழியாக ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் இளம்பெண்கள் இந்த ஆலைகளுக்கு வருகிறார்கள்.

மோட்டார் வாகனத் துறையும் மின்னணுத் துறையும் இதையே நாகரிகமான உடையில் செய்தன. 2013-இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 'நீம்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. மூன்று மாதம் முதல் முப்பத்தாறு மாதம் வரை கம்பெனியில் பயிற்சி, திறன் இல்லாத் தொழிலாளிக்கான குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத உதவித்தொகை. ஆள் பிடித்துக்கொடுக்க இடையில் ஒரு முகமை. டிரெய்னி கம்பெனிக்கும் தொழிலாளி இல்லை, முகமைக்கும் தொழிலாளி இல்லை. உற்பத்தி லைனில் காண்ட்ராக்ட் தொழிலாளிக்குப் பதிலாக நீம் டிரெய்னிகள் நிறுத்தப்படுகிறார்கள் என்று தொழிற்சங்கங்கள் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்த பிறகு அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. ஒரு கல்வி அமைப்பின் விதிமுறையைக் கொண்டே தொழிலாளர் சட்டத்தைச் சுற்றிக்கொண்டு போக முடிந்தது என்பது நமக்கு எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். ஆனாலும் 2024 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டம், 500 பெரிய நிறுவனங்களில் ஐந்து ஆண்டுகளில் ஒரு கோடி இளைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாயில் ஓராண்டு அனுபவம் தருவதாகச் சொன்னது. அந்த ஐயாயிரத்திலும் 4,500 ரூபாய் அரசினுடையது.

நிர்வாகங்கள் சொல்லும் பதிலில் உண்மை இருக்கிறது. ஐ.டி.ஐ. முடித்துவரும் பையனுக்கு இன்றைய மெஷினைப் பார்த்தே பழக்கமில்லை, முதல் சில மாதம் அவன் கெடுக்கும் சரக்குதான் அதிகம், அவனுக்கும் முழுச் சலுகை கொடுத்தால் எந்தக் கம்பெனியும் புதியவரை எடுக்காது என்கிறார்கள். கற்கும் காலத்தில் சம்பளம் குறைவாக இருக்கலாம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். நான் கேட்பது சம்பள அளவு அல்ல, அந்தஸ்து. தொழில் பயிற்சிக்கு எல்லோரும் உதாரணம் காட்டும் ஜெர்மனியில், தொழிற்கல்விச் சட்டம் 1969-இலிருந்தே பயிற்சி ஒப்பந்தத்துக்குப் பொதுவாகத் தொழிலாளர் சட்டமே பொருந்தும் என்கிறது. பயிற்சி நோக்கத்துக்கு உதவாத வேலையைப் பயிற்சிபெறுபவரிடம் வாங்கக் கூடாது. கற்றதை அவர் தொடர்ந்து குறிப்பேட்டில் எழுதிவர வேண்டும். இறுதித் தேர்வைக் கம்பெனி அல்ல, தொழில் வர்த்தகச் சங்கங்கள் நடத்துகின்றன. தேர்வு முடிந்த பிறகும் ஒன்றும் பேசாமல் அவரைத் தொடர்ந்து வேலை செய்ய விட்டால், அவர் நிரந்தரத் தொழிலாளர் ஆகிவிட்டதாகவே பொருள். இளம் தொழிலாளருக்கும் பயிற்சிபெறுபவருக்கும் ஆலைக்குள் தேர்ந்தெடுக்கப்பட்ட தனிப் பிரதிநிதிகள் உண்டு. 2020-இல் பயிற்சிக்காலக் குறைந்தபட்ச ஊதியமும் வந்தது, முதலாண்டுக்கு மாதம் 515 யூரோ. நம் ஊரில் 'ஜெர்மன் மாதிரி' என்று பேசுகிறவர்கள் ஆலையில் பாதி, வகுப்பில் பாதி என்ற பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைத் தாங்கி நிற்கும் இந்த உரிமைப் பகுதியை விட்டுவிடுகிறார்கள்.

நாம் நேர் எதிராகப் போனோம். 2014-இல் அப்ரண்டிஸ் சட்டத்தைத் திருத்தியபோது, சட்டத்தை மீறும் முதலாளிக்கு இருந்த சிறைத் தண்டனை நீங்கி அபராதம் மட்டும் நின்றது. ஆலையில் பயிற்சிபெறும் நேரத்தை, பயிற்சிக் கால அளவுக்கு உட்பட்டு, முதலாளியே முடிவு செய்யலாம் என்றாயிற்று. 2019-இல், 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எல்லா நிறுவனங்களும் 2.5 சதவீதம் முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுக்க வேண்டும் என்று விதி திருத்தப்பட்டது. படிப்பைப் பொறுத்து மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை குறைந்தபட்ச உதவித்தொகை என்று நிர்ணயித்தார்கள். எண்ணிக்கை பெருக வேண்டும் என்ற அவசரம் புரிகிறது. பட்டம் வாங்கிய அப்ரண்டிஸ் 9,000 ரூபாயில் சென்னைப் புறநகரில் அறை வாடகையும் சாப்பாடும் பார்த்துக்கொண்டு எப்படிக் கற்பார் என்ற கேள்விக்கு அந்த விதியில் இடமில்லை. இந்த உதவித்தொகைக்கு 36 சதவீத உயர்வு வேண்டும் என்று மத்திய அப்ரண்டிஸ்ஷிப் கவுன்சில் பரிந்துரைக்க 2025 ஆகிவிட்டது.

சிறு பட்டறைகளைப் பற்றிய கவலை நியாயமானது. கோவையின் பம்ப், கிரைண்டர் பட்டறைகளிலும் திருப்பூரின் ஜாப் ஒர்க் யூனிட்டுகளிலும் பத்துப் பேர், இருபது பேர் இருப்பார்கள். அங்கே ஒரு பையன் மேஸ்திரிக்குப் பக்கத்தில் நின்று லேத் ஓட்டக் கற்பது பல பெரிய ஆலைகளின் பயிற்சிக் கூடத்தைவிட உண்மையான கல்வி. அந்த உரிமையாளர் மீது எல்லாச் சுமையையும் ஏற்றினால் அவர் ஆள் எடுக்க மாட்டார் என்பது சரி. அதற்கு வழி பையனின் காப்பீட்டை வெட்டுவது அல்ல. மத்திய அரசு 2016-இலிருந்து அப்ரண்டிஸ் உதவித்தொகையில் 25 சதவீதம், மாதம் 1,500 ரூபாய் வரை தருகிறது. கிட்டத்தட்ட அதே பணத்தில், சிறு நிறுவனங்களின் பயிற்சிபெறுபவர் ஒவ்வொருவருக்கும் ஈ.எஸ்.ஐ. பங்கு முழுவதையும் பி.எஃப். பங்கில் பெரும்பகுதியையும் அரசே கட்டிவிடலாம். பையன் பட்டறை மாறினாலும் அந்த அட்டை அவனோடு போகும். பெரிய நிறுவனத்துக்கு இந்தச் சலுகை தேவையே இல்லை. அதன் லைன் டிரெய்னிகளை நம்பி ஓடுகிறதென்றால், அவர்களால் அதற்கு நஷ்டம் இல்லை என்பது அங்கேயே நிரூபணமாகிறது.

வீட்டில் சும்மா இருப்பதைவிட இது மேல் அல்லவா என்று கேட்பவர்கள் பலர். பிள்ளை இரண்டு ஆண்டு வேலையில்லாமல் இருப்பதைப் பார்த்த எந்தத் தகப்பனும் தாயும் அப்படித்தான் நினைப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தக் கேள்வி டிரெய்னிக் காலம் ஒரு நல்ல வேலைக்குப் படியாக இருக்கும் என்று நம்பிக் கேட்கப்படுகிறது. பயிற்சி முடித்தவருக்கு வேலை கொடுக்கும் கடமை 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதலாளிக்கு இல்லை. 2014-க்குப் பிறகு தன் கொள்கையைத் தானே வகுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். மற்றத் தகுதிகள் சமமாக இருந்தால் பயிற்சி முடித்தவருக்கு முன்னுரிமை என்று உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ரயில்வே கடைநிலைப் பணிகளில் 20 சதவீதத்தைத் தன்னிடம் பயிற்சி முடித்தவர்களுக்கு ஒதுக்குகிறது. தனியாரில் இதற்கு இணையான எந்தக் கட்டாயமும் இல்லை. தமிழ்நாட்டுக்கு இங்கே தனிப் பெருமை ஒன்று உண்டு. 24 மாதங்களில் 480 நாட்கள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981-இலேயே சட்டம் போட்ட மாநிலம் இது. ஆனால் டிரெய்னியாக ஓடிய நாட்கள் அந்தக் கணக்கில் வராது என்பதே நிர்வாகங்கள் வைக்கும் வாதம். 24 மாதத்தில் நிரந்தரம் தர வேண்டிய சட்டத்தை 36 மாதப் பயிற்சியால் கடந்துவிடலாம் என்றால், படி என்று நம்பி ஏறிய இடம் சுவராக முடிகிறது. வேலையில்லாதவர் முதல் ஆண்டில் எதையும் ஏற்றுக்கொள்வார் என்பதற்காகவே தொழிலாளர் சட்டங்கள் எழுதப்பட்டன. 'இல்லாததற்கு இது மேல்' என்பதை அளவுகோலாக வைத்தால் அவற்றில் ஒன்றுகூட மிஞ்சாது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. தொழில் தகராறு சட்டம் அப்ரண்டிஸுக்கு வார்த்தையளவில் தந்திருந்த இடத்தைத் தொழிலுறவுத் தொகுப்பு எடுத்துவிட்டது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அப்ரண்டிஸ் தொழிலாளர் அல்லர் என்று அது தெளிவாகவே எழுதுகிறது. நிலையாணைகள் கட்டாயமாகும் அளவும் நூறு பேரிலிருந்து முந்நூறு பேருக்கு உயர்ந்துவிட்டது. ஆனால் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பழைய பி.எஃப். சட்டம் 1961-ஆம் ஆண்டுச் சட்ட அப்ரண்டிஸ், நிலையாணைகளின்படியான அப்ரண்டிஸ் என்று இருவரையும் விலக்கியது. புதிய தொகுப்பில் விலக்கு முதல் வகைக்கு மட்டுமே. சட்ட வாசகத்தை நேராகப் படித்தால், கம்பெனி தானே பெயர் சூட்டி வைத்திருக்கும் டிரெய்னி, ஊதியம் வாங்கி வேலை செய்யும் வரை, ஊழியர்தான். அவருக்குத் தரும் தொகைக்கு உதவித்தொகை என்று பெயர் வைத்து இதையும் தள்ளிவிட முயற்சி நடக்கும். தொழிற்சங்கங்கள் இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு வழக்காட வேண்டும்.

மாநில அரசு செய்யக்கூடியது இன்னும் அதிகம். தமிழ்நாடு 71 அரசு ஐ.டி.ஐ.களை ரோபோ, சி.என்.சி. மெஷின்களோடு நவீனப்படுத்த ஏறத்தாழ 2,877 கோடி ரூபாய்த் திட்டம் தீட்டிச் செயல்படுத்தியது. 2022 மார்ச் முதல் 'நான் முதல்வன்' திட்டம் கல்லூரி மாணவர்களை வேலைக்குத் தயார் செய்கிறது. இத்தனை செலவு செய்து அரசு தயாரிக்கும் இளைஞரை எந்த நிபந்தனையில் ஆலை உள்ளே எடுக்கலாம் என்று கேட்க அரசுக்கு முழு உரிமை இருக்கிறது. அரசு ஐ.டி.ஐ.யிலிருந்து ஆள் எடுக்க வரும் நிறுவனம், மொத்த ஆட்களில் டிரெய்னி எத்தனை பேர், எத்தனை மாதம், எந்தெந்தப் பிரிவில் எத்தனை வாரம், தேர்வை யார் நடத்துவது, சென்ற ஆண்டு முடித்தவர்களில் எத்தனை பேரை நிரந்தரமாக்கினார்கள் என்பதை எழுதித் தந்தால்தான் வளாக நேர்முகத்துக்கு இடம் என்று ஓர் அரசாணை போதும். நிலம், மின்சாரம், வரி என்று சலுகை பெறும் நிறுவனங்களின் ஒப்பந்தத்திலும் இதே நிபந்தனையைச் சேர்க்கலாம். தரமான அப்ரண்டிஸ்ஷிப்புக்கு என்றே சர்வதேசத் தொழிலாளர் மாநாடு 2023-இல் 208-ஆம் பரிந்துரையை நிறைவேற்றியிருக்கிறது. எழுத்து ஒப்பந்தம், போதிய ஊதியம், சமூகப் பாதுகாப்பு, சங்கம் சேரும் உரிமை ஆகியவை அதில் இருக்கின்றன. ஆளெடுப்பு நாளன்று ஐ.டி.ஐ. வாசலில் நிற்கும் மாணவருக்கும் அவருடைய பெற்றோருக்கும் இன்று கிடைப்பது கம்பெனியின் பெயரும் மாதத் தொகையும் மட்டுமே. சென்ற ஆண்டு அந்தக் கம்பெனியில் சேர்ந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்ற விவரமும் ஐ.டி.ஐ.யின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும்.